வாக்குப் போட்டாச்சு, பிறகென்ன? வாசிகசாலை வாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் பின்னேரம் ஐந்து மணிக்குப் பேப்பர் பார்க்க வருபவர்கள் பத்துப் பதினைந்து பேர். முப்பது வருடம் குடியியலும் வரலாறும் படிப்பித்தவன் என்பதால் சந்தேகம் எல்லாம் என் பக்கம்தான் திரும்பும். 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலை ஒட்டி அரசியலமைப்பைப் பற்றி ஒரு சின்னப் பேச்சு வைத்தேன். அரை மணி நேரம் என்று சொன்னது, கேள்விக்கு மேல் கேள்வியாக மூன்று கிழமை இழுத்தது. ஒரே கேள்வி நாலு பேர் வாயால் வரத் தொடங்கியதும், சரி, எழுதியே வைத்துவிடுவோம் என்று இருந்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன். உறுப்புரை இலக்கங்கள் எல்லாம் இப்போது நடைமுறையில் உள்ள 1978 அரசியலமைப்பின் இலக்கங்கள்.

அரசியலமைப்பும் சட்டம்தானே மாஸ்ரர், அதுக்கு ஏன் தனிப் பேர்?

சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துவது. அரசியலமைப்பு, சட்டம் செய்கிறவர்களையும் அதை நடத்துகிறவர்களையும் கட்டுப்படுத்துவது. ஹெல்மெட் போடாமல் போனால் பொலிஸ் எங்களை மறிக்கும். மறிக்கப்பட்டவரை எந்தக் காரணம் சொல்லிப் பிடிக்கலாம், பிடித்தபின் யார் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று பொலிஸை மறிப்பது அரசியலமைப்பு.

எங்கள் நிலையத்திலேயே இது நடந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இருந்த நிர்வாக சபை, எல்லாரும் கை உயர்த்தித் தெரிவு செய்ததுதான், முன் மண்டபத்தில் பாதியை ஒரு ரெலிபோன் கடைக்கு வாடகைக்கு விடத் தீர்மானித்தது. நல்ல காசு. தலைவர் ஒப்பந்தக் கடதாசியோடு வந்துவிட்டார். அப்போது பழைய செயலாளர் அலுமாரியைத் திறந்து, ஓரம் எல்லாம் கறையான் அரித்த யாப்புக் கொப்பியை எடுத்து மேசையில் விரித்தார். பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்காமல் நிலையத்தின் ஆதனத்தைப் பிறருக்குக் கொடுக்கக்கூடாது என்று அந்தக் காலத்தில் யாரோ மைப்பேனையால் எழுதிய ஒரு வரி. தலைவர் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

தலைவர் கெட்ட மனிசன் இல்லை. ஆள் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சிக்கே போகாமல் அந்தக் கொப்பி தன் வேலையைச் செய்தது. இந்தக் கொப்பிக் கதை கீழேயும் வரும், ஞாபகத்தில் வைத்திருங்கள்.

வாக்குப் போடுறதுதானே சனநாயகம்? வெண்டவன் ஆளட்டும், தோத்தவன் பேசாம இருக்கட்டும்.

வாக்கைச் சின்ன விசயமாக நினைக்க வேண்டாம். 21 வயது வந்த ஆண், பெண் எல்லாருக்கும் இலங்கையில் வாக்குரிமை கிடைத்தது 1931இல், டொனமூர் அரசியலமைப்பால். பிரித்தானியாவிலேயே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் பெரியவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் வெளிப்படையாகவே எதிர்த்தார். காணி உள்ளவரின் வாக்கும் அந்தக் காணியில் கொத்துகிறவரின் வாக்கும் ஒரே நிறை என்பதைச் சீரணிக்க அந்தத் தலைமுறைக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

வென்றவன் ஆளட்டும், சரி. தோற்றவன் பேசாமல் இருக்கட்டும் என்பதைத்தான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இன்று தோற்றவன் அடுத்தமுறை வெல்லலாம் என்ற நிலை இருந்தால்தான் அதற்குப் பேர் தேர்தல். அதற்கு அவன் பேச வேண்டும், கூட்டம் வைக்க வேண்டும், சங்கம் அமைக்க வேண்டும். 14ஆம் உறுப்புரை இவற்றைப் பாதுகாப்பது தோற்றவனை நினைத்துத்தான். வென்றவனுக்கு மைக் எப்படியும் கிடைக்கும்.

51 பேர் ஓம் எண்டா 49 பேர் கேக்கத்தானே வேணும்? அதுதானே பெரும்பான்மை?

எதைப் பற்றி என்பதைப் பொறுத்தது. வீதியை எந்தப் பக்கம் அகட்டுவது, வரியை எவ்வளவு கூட்டுவது என்றால் 51 போதும். அந்த 49 பேரில் பத்துப் பேருக்கு இனிமேல் வாக்கே இல்லை என்று முடிவெடுக்க 51 போதுமா? இங்கே நடந்தது அதுதான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருடம் வாக்கும் போனது. எல்லாம் பாராளுமன்றத்தில் முறைப்படி எண்ணி, முறைப்படி நிறைவேற்றியதுதான். 1947 தேர்தலில் வாக்குப் போட்ட தோட்டத் தொழிலாளிக்கு 1952இல் பெயர் இடாப்பில் இல்லை.

அந்தச் சட்டத்துக்குத் தமிழர் எல்லாரும் எதிராக நின்றார்கள் என்று சொல்லவும் முடியாது. தமிழ்க் காங்கிரஸ் இந்த விசயத்தில்தான் உடைந்தது. செல்வநாயகம் வெளியே வந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஆக, பெரும்பான்மைக்கு எல்லை வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குப் புத்தகத்தில் இருந்து வந்தது இல்லை. ஒரு சனம் வாக்கிழந்ததைப் பார்த்து வந்தது.

சோல்பரி யாப்பில 29ஆம் பிரிவு எண்டு ஒரு காவல் இருந்ததாமே? அது ஏன் காப்பாத்தேல்லை?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் எழுபது தாண்டியவர்கள். சுதந்திரத்தோடு வந்து 1972 வரை இருந்த அந்த யாப்பின் 29(2) சொன்னது சுருக்கமாக இதுதான்: ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பொருந்தும் தடையையும் போடாதே, ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் கிடைக்கும் சலுகையையும் கொடுக்காதே. படித்தால் நல்ல பூட்டு மாதிரித்தான் இருக்கும். ஆனால் குடியுரிமைச் சட்டம் இந்தப் பிரிவை மீறவில்லை என்று 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில், அப்போது எங்களுக்குக் கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றம் அதுதான், தீர்ப்புச் சொன்னது. சட்டத்தின் வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லைத்தானே.

பிறகு 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். கோடீஸ்வரன் என்ற தமிழ் அரசாங்க எழுதுவினைஞர் சிங்களப் பரீட்சை எழுத மறுத்தார். சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், மொழிச் சட்டம் 29க்கு முரண் என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது, அதுவும் மொழிப் பிரச்சினையைத் தொடாமல், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்குப் போட முடியாது என்று சொல்லி. 1969இல் பிரிவி கவுன்சில், போடலாம் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற மூலக் கேள்வியைத் திரும்பக் கொழும்புக்கே அனுப்பிவிட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் வரவே இல்லை. பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டது. 1972 அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லை.

என் அபிப்பிராயம், பிரிவு பலவீனம் என்பதைவிட, அதைக் காவல் காக்க வேண்டியவர்கள் ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்ப்பார் என்று நகர்ந்துவிட்டார்கள் என்பதுதான். எங்கள் கொப்பிக் கதையில் அலுமாரியைத் திறக்க ஒரு பழைய செயலாளர் இருந்தார்.

இறைமை மக்களிட்ட எண்டு எழுதியிருக்கினமாம். எங்களுக்கு அதில ஒரு துண்டும் வந்த மாதிரித் தெரியேல்லையே?

3ஆம் உறுப்புரை: இறைமை மக்களுக்கு உரியது, அதைப் பாராதீனப்படுத்த முடியாது. அதாவது விற்கவும் முடியாது, எழுதிக்கொடுக்கவும் முடியாது. பாராளுமன்றம், சனாதிபதி, நீதிமன்றம் மூன்றும் எங்கள் பொருளைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் என்று நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கின்றன. துண்டு வரவில்லை என்ற மனக்குறை நியாயமானது. அடுத்த பதிலில் ஒரு துண்டு வந்த கதை இருக்கிறது.

சனாதிபதி நினைச்சா என்னவும் செய்யலாம்தானே? ஆரு கேக்கிறது?

2018இல் கேட்டார்கள். ஒக்டோபர் 26 இரவு சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கி இன்னொருவரை நியமித்தார். புதியவருக்குப் பாராளுமன்றத்தில் ஆதரவு சேரவில்லை. நவம்பர் 9 பாராளுமன்றத்தையே கலைத்து வர்த்தமானி வந்தது. அப்போது இருந்த 19ஆம் திருத்தத்தின்படி, பாராளுமன்றம் கூடி நாலரை வருடம் ஆகுமுன் கலைப்பதென்றால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தாங்களே கேட்க வேண்டும். அப்படி யாரும் கேட்கவில்லை.

வழக்குப் போட்டவர்களில் ஒருவர் இரா. சம்பந்தன். தீர்ப்பு அவர் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. டிசம்பர் 13 ஏழு நீதியரசர்களும் ஒருமித்து, கலைத்தது செல்லாது என்றார்கள். சிங்களத் தலைவர்கள் இரண்டு பேரின் சண்டையில் நமக்கென்ன என்று இதே வாங்கில் இருந்து கேட்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மக்கள் தெரிந்த சபையை ஒரு ஆள் ஒரு கையெழுத்தால் இல்லாமல் ஆக்க முடியாது என்ற விதி, திருகோணமலையில் இருந்து போன ஒரு தமிழரின் மனுவில் எழுதப்பட்டது. பாடப்புத்தகத்தில் வலு வேறாக்கம் என்று பிள்ளைகள் பாடமாக்குவது இதைத்தான். 2020இல் 20ஆம் திருத்தத்தோடு நாலரை வருடம் இரண்டரையாகக் குறைந்துவிட்டது, அதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் ஆட்சி எண்டா, சட்டத்தில இருந்தாச் சரிதானே? பயங்கரவாதத் தடைச் சட்டமும் சட்டம்தானே?

இரண்டும் வேறு. சட்டத்தை வைத்து ஆள்வது ஒன்று, ஆள்பவனும் சட்டத்துக்குக் கீழே இருப்பது இன்னொன்று. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் முழுப்பெயரில் "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற சொல் இருக்கிறது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள், பெயரை மாற்றவில்லை. சாதாரண வழக்கில் பொலிஸாருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது. இந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ மேலே உள்ளவருக்கோ கொடுத்தால் ஆகும், அது பலவந்தத்தில் கொடுத்தது என்று நிரூபிக்க வேண்டிய பாரம் கொடுத்தவர் தலையில். வழக்குப் போடாமல் 18 மாதம்வரை தடுத்து வைக்கலாம் என்று இருந்ததை 2022இல் 12 ஆக்கினார்கள். இங்கே எத்தனை தாய்மார் எத்தனை வருடம் சிறைவாசலுக்கு அலைந்தார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். 2000 டிசம்பரில் மிருசுவிலில் விட்டுவந்த வீடு வளவைப் பார்க்கப் போன எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள், பிள்ளைகளும் அதில் அடக்கம். 15 வருடம் கழித்து ஒரு இராணுவ உத்தியோகத்தருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் ஐந்து நீதியரசர் ஆயத்தால் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் சனாதிபதி மன்னிப்புக் கொடுத்து ஆளை வெளியே விட்டார். மன்னிக்கும் அதிகாரம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது, சரி. ஆனால் அதுவும் எல்லையில்லாதது அல்ல. கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஒரு முன்னாள் பாராளுமன்ற உறுப்பினருக்கு 2021இல் கொடுத்த மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

என்ர உரிமையை மீறிப் போட்டினம் எண்டா எங்க போறது? ஒரு மாசம் எண்டு சொல்லுகினம், உண்மையோ?

உண்மை. 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். வேறு நீதிமன்றம் இல்லை. யாழ்ப்பாணத்தில் போட வழியில்லை, இரவு பஸ் ஏறிக் கொழும்பு புதுக்கடைக்குத்தான் போக வேண்டும். உரிமையைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, அதைக் கேட்கும் யன்னலை 400 கிலோமீற்றருக்கு அப்பால் வைத்தது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற விசயம்.

இரண்டு குறிப்பு. மனு அரச அதிகாரத்தின் செயலுக்கு எதிராக மட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கோ தனியார் கம்பனிக்கோ எதிராக இல்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு, அதற்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால் விசாரணை நடக்கும் காலத்தைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஆனால் விசாரணை உண்மையில் நடந்ததா என்று நீதிமன்றம் கேட்கும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

பொலிஸில முறைப்பாட்டைச் சிங்களத்தில எழுதிப் போட்டு கையெழுத்து வை எண்டா?

வைக்காதீர்கள். 18ஆம் உறுப்புரையின்படி தமிழும் அரச கரும மொழி, 22ஆம் உறுப்புரையின்படி வடக்கு கிழக்கில் நிர்வாகப் பதிவுகளே தமிழில் இருக்க வேண்டும். சண்டை பிடிக்காமல், தமிழில் எழுதத் தெரிந்தவர் வரும்வரை இருக்கிறேன் என்று சொல்லி வாங்கில் இருங்கள். அரை மணி நேரத்தில் ஒருவர் வருவார், என் அனுபவம்.

இந்தியாவில கோட்டு சட்டத்தையே தூக்கி எறியுது. எங்கட கோட்டுக்கு ஏன் ஏலாது?

80(3) குறுக்கே நிற்கிறது. சபாநாயகர் சான்று எழுதிய பிறகு ஒரு சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அதற்கு முன், சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறி ஒரு கிழமைக்குள் யாரும் உயர் நீதிமன்றம் போகலாம். அந்த ஏழு நாளைத் தவறவிட்டால் முடிந்தது. 16ஆம் உறுப்புரை இன்னும் ஒரு படி மேலே போகிறது: 1978க்கு முன் இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும். இந்த 16ஐ மறக்காதீர்கள், கீழே ஒரு பெண்ணின் கேள்வியில் திரும்ப வரும்.

உரிமை எண்டு சொல்லிப்போட்டுக் கீழ பார்த்தா "வரையறைக்கு உட்பட்டு" எண்டு கிடக்கு. பிறகென்ன உரிமை?

பேச்சு, கூட்டம், நடமாட்டம் போன்றவற்றுக்கு 15ஆம் உறுப்புரை வரம்பு போடவிடுகிறது. இந்த இரண்டுக்கும் வரம்பே இல்லை: மனச்சாட்சிச் சுதந்திரம், சித்திரவதைக்கு ஆளாகாத உரிமை. 10ஆம் 11ஆம் உறுப்புரைகள். யுத்தம் என்றாலும் அவசரகாலம் என்றாலும் இல்லை. இவற்றை மாற்ற மூன்றில் இரண்டும் போதாது, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். சமத்துவத்தைச் சொல்லும் 12க்கு அந்தப் பூட்டு இல்லை. அதை ஏன் விட்டார்கள் என்று எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

புத்த மதத்துக்கு முதலிடம் எண்டு எழுதிப்போட்டுச் சமத்துவம் எண்டா எப்பிடி?

9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது, அதே வசனத்தில் ஏனைய மதத்தவரின் உரிமைகளையும் உறுதிசெய்கிறது. அரச மதம் என்ற சொல் இல்லை. சொல் இல்லாவிட்டாலும் பாரம் இருக்கிறது: 2003இல் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் 9க்கும் முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அரசியலமைப்பு என்றால் உள்ளே முரண் இல்லாத ஒன்று என்று நினைக்க வேண்டாம். 9உம் 12உம் ஒன்றுக்கொன்று இசைவு என்று என்னால் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க முடிந்ததே இல்லை.

மாகாண சபை இருக்கோ இல்லையோ?

அரசியலமைப்பில் இருக்கிறது, 1987 நவம்பரில் வந்த 13ஆம் திருத்தத்தில். கட்டடமும் உத்தியோகத்தரும் ஆளுநரும் இருக்கிறார்கள். வட மாகாணத்துக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பரில், சட்டம் வந்து 26 வருடம் கழித்து. 2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், புதிய எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றமே தோற்கடித்தது, பழைய முறைக்கும் போக முடியாமல் புதிய முறைக்கும் போக முடியாமல் தேர்தல் நடுவழியில் நின்றுவிட்டது. யாரும் சபையைக் கலைத்ததாகச் சொல்ல முடியாது. தேர்தல் வைக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

உள்ளூராட்சிக்கும் இதுதான் நடக்கப் பார்த்தது. 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தல், திறைசேரியில் காசில்லை என்று நின்றது. 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை மீறல் என்றது. அதற்குப் பிறகுதான் 2025 மே 6.

வாக்குப் போடாம விடுறதும் எங்கட உரிமைதானே? பகிஷ்கரிச்சா என்ன?

உரிமைதான். யாழ்ப்பாணத்துக்கு அதில் நீண்ட பழக்கமும் உண்டு. 1931இல் டொனமூர் தந்தது போதாது, முழுச் சுயராச்சியம் வேண்டும் என்று வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது, வடக்கின் நாலு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. 2005 சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தது ஏறத்தாழ 1.2 வீதம். முன்னது வாதாடி எடுத்த முடிவு. பின்னதில் எவ்வளவு பேர் தாங்களாக விட்டார்கள், எவ்வளவு பேர் பயத்தில் விட்டார்கள் என்று அந்த நவம்பரில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பயத்தில் போடாத வாக்கைப் பகிஷ்கரிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்று, இடாப்பில் பேர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசனங்களைப் பதிந்த வாக்காளர் தொகையை வைத்தே பிரிக்கிறார்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு, கிளிநொச்சியும் சேர்த்துத்தான், 2010இல் 9 ஆசனம், 2015இலும் 2020இலும் 7, 2024இல் 6.

கொழும்பிட்டச் சமத்துவம் கேக்கிறம், சரி. எங்கட கோயில் வாசலில அது வேலை செய்யுமோ?

பின்வரிசையில் இருந்த ஒரு பொடியன் கேட்டது. முன்வரிசை கொஞ்ச நேரம் பேப்பரைப் பார்த்தது.

12(3) கிட்டத்தட்ட எங்களுக்கென்றே எழுதினது மாதிரி இருக்கும்: கடை, உணவுச்சாலை, ஹோட்டல், பொதுக் களியாட்ட இடம், தன் சொந்த மதத்தின் பொது வழிபாட்டிடம், இவற்றுக்குள் போக யாரையும் இனம், சாதி, பால் சொல்லித் தடுக்க முடியாது. இதற்கு முன்பே 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. வந்து 11 வருடம் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தங்களை உள்ளே விடச் சொல்லிச் சனம் நிற்க வேண்டியிருந்தது. அதற்கும் முன், 1929-30இல், பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்றதற்கே எதிர்ப்பு வந்த ஊர் இது.

51க்கு 49 என்று மேலே சொன்ன கணக்கைக் கோயில் வாசலிலும் போட்டுப் பாருங்கள். கொழும்பில் 49 ஆக நிற்கும் நாங்கள் அங்கே 51 ஆக நின்றோம். பொடியனுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். அவனுக்குத் திருப்தியில்லை என்று முகத்தில் தெரிந்தது.

என்ர சீதனக் காணியை நான் விக்க அவற்ற கையெழுத்து ஏன்? சமத்துவம் எண்டு சொல்றியளே?

கேட்டவர் ஓய்வு பெற்ற மருத்துவத்தாதி. மகனின் படிப்புச் செலவுக்கு இரண்டு பரப்பை விற்க நொத்தாரிஸ் கந்தோருக்குப் போயிருக்கிறார். உறுதி அவர் பேரில், தாய் கொடுத்த காணி. வரி கட்டிய பற்றுச்சீட்டு எல்லாம் வருட ஒழுங்கில் நூலால் கட்டிக் கைப்பைக்குள் வைத்திருந்தார். நொத்தாரிஸ் உறுதியை ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவர் வந்தவரோ?" என்று கேட்டாராம்.

நொத்தாரிஸில் பிழையில்லை. தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுதியது. அதற்கு உட்பட்டவர்களுக்கான 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்ற முடியாது என்கிறது. கணவன் தன் முதுசக் காணியை விற்க மனைவியைக் கேட்க வேண்டியதில்லை. கலியாணம் கட்டாத பெண்ணுக்கும் கைம்பெண்ணுக்கும் இந்தத் தடை இல்லை, கட்டினவருக்கு மட்டும்தான். கணவன் விட்டுப் போனாலோ நியாயமில்லாமல் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம், ஆனால் கேட்கத்தான் வேண்டும்.

12(2) பால் சொல்லிப் பாகுபாடு கூடாது என்கிறது. மேலே மறக்க வேண்டாம் என்ற 16, பழைய சட்டம் செல்லும் என்கிறது. 16 வெல்கிறது. தேசவழமை எங்கள் அடையாளம், அதில் கைவைக்கக்கூடாது என்று இந்த வாங்கிலேயே சிலர் சொன்னார்கள். பெண்பிள்ளை பேரில் காணி எழுதும் வழக்கம் எவ்வளவு உயர்ந்தது என்றும் சொன்னார்கள். அந்த அம்மா பற்றுச்சீட்டுக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப எழுதித் தந்தது ஆருக்கு?" என்றார்.

1990இல முஸ்லிம் சனத்தை அனுப்பினது அரசாங்கம் இல்லையே. அதுக்கும் அரசியலமைப்புக்கும் என்ன?

ஒக்டோபர் 30. இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 14(1)ஆம் உறுப்புரை நாட்டுக்குள் விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமையைச் சொல்கிறது. அதை வைத்து யாரிடம் மனுப் போடுவது? மேலே சொன்னபடி அந்த மனு அரசுக்கு எதிராக மட்டும்தான். ஆகவே சட்ட நுணுக்கமாகப் பார்த்தால் கேள்வி சரி.

ஆனால் நாங்கள் இந்தப் பக்கம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பது அதிகாரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதைப் பற்றி. அன்றைக்கு இங்கே வரி வாங்கியதும் தீர்ப்புச் சொன்னதும் யார்? ஆள்பவர் யாராக இருந்தாலும் கொப்பி வேண்டும். சோனகதெருவில் பூட்டிக் கிடந்த வீடுகளைத் தாண்டி நான் எத்தனையோ வருடம் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் சிறுபான்மை உரிமை படிப்பித்தேன். இரண்டையும் சேர்த்து ஒரு வசனம் பேசியது யுத்தம் முடிந்த பிறகுதான்.

சனமே வாக்குப் போட்டுத் தேர்தல் வேண்டாம் எண்டா? அப்பவும் அது சனநாயகமோ?

கற்பனைக் கேள்வி இல்லை. 1982 டிசம்பர் 22 சர்வசன வாக்கெடுப்பு. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் காலத்தைப் பொதுத் தேர்தல் வைக்காமல் இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்று கேட்டார்கள். ஓம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். நாடு முழுக்க 54 வீதத்துக்குக் கொஞ்சம் மேலே விளக்கு வென்றது. யாழ்ப்பாணத்தில் விழுந்த வாக்கில் 90 வீதத்துக்கு மேல் குடத்துக்கு.

முறைப்படி நடந்ததா என்றால் நடந்தது. மூன்றில் இரண்டு, பிறகு மக்கள் சம்மதம், அரசியலமைப்பு கேட்ட இரண்டு படியும் ஏறித்தான். அந்த வழி இன்றைக்கும் மூடியில்லை. ஆனால் தோற்றவனுக்கு அடுத்தமுறை இருக்க வேண்டும் என்று இரண்டாவது பதிலில் சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள். அடுத்தமுறையையே எடுத்துவிடும் உரிமை இன்றைய 54க்கு இருக்கிறதா? இல்லை என்பேன். அன்று வாக்குப் போட்டவர்கள் தங்கள் வாக்கை மட்டும் கொடுக்கவில்லை, அடுத்த ஆறு வருடத்தில் வயசுக்கு வரப்போகும் பிள்ளைகளின் வாக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

1977 தேர்தலில் எனக்கு 17 வயது, வாக்கு இல்லை. 1982இல் 22 வயது, குடத்துக்குப் போட்டேன். அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில் வந்தது. என் வாழ்க்கையின் முதலாவது பாராளுமன்ற வாக்கைப் போடப் போகும்போது எனக்கு 28.